டச்சுக்காரர் ஊரில் ஒரு ஞாயிறு

சனி ஞாயிறு ஊர்கள் – 9

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் 'குடும்பத்தோடு எங்கே போகலாம்?' என்று பேச்செடுத்தால் ஏலகிரி, அமிர்தி, ஸ்ரீபுரம் பொற்கோயில் என்று சுற்றிச் சுற்றி இவைதான் வரும். ஷூ கம்பெனியில் ஆறு நாள் வேலை, ஒரு நாள் லீவு. அந்த ஒரு நாளில் அலைச்சல் வேண்டாம் என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் சனிக்கிழமையும் சேர்ந்து கிடைக்கிற வாரம் வந்தால், மலைப்பக்கம் பார்க்காமல் ஒரு தடவை கடல்பக்கம் போய் வாருங்கள். சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் இருக்கிற பழவேற்காடு, ஒரு காலத்தில் டச்சுக்காரர்களின் சோழமண்டலத் தலைமையிடம்.

அந்த ஊருக்கும் நம் வேலூருக்கும் நானூறு ஆண்டுப் பழக்கம். சென்ற வாரம் வேலூர்க் கோட்டையில் விஜயநகரத்தின் கடைசிக் காலத்தைப் பார்த்தோம். சந்திரகிரியிலும் வேலூரிலும் இருந்து ஆண்ட வேங்கடபதி தேவராயரிடம்தான் 1610-இல் டச்சுக்காரர்கள் வந்து நின்றார்கள். ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கி அப்போது எட்டு வருஷம்தான் ஆகியிருந்தது. மொலுக்காஸ் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க அவர்களுக்குத் துணி தேவைப்பட்டது. அங்கே வெள்ளியைவிட நம் நெசவுக்குத்தான் மதிப்பு. பழவேற்காட்டில் பண்டகசாலை வைத்துக்கொள்ள அரசர் அனுமதி கொடுத்தார். சாந்தோமில் இருந்த போர்த்துகீசியர்களுக்கு இது பொறுக்கவில்லை. 1612-இல் வந்து அதை அடித்து நொறுக்கிவிட்டுப் போனார்கள். அதன் பிறகுதான் 1613-இல் கோட்டை எழுந்தது. பொறுப்பில் இருந்த வெம்மர் வான் பெர்கெம், தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரையே அதற்கு வைத்தார்: கெல்ட்ரியா கோட்டை.

தரங்கம்பாடியையும் பழவேற்காட்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். தரங்கம்பாடி டேனிஷ்காரர்களுடையது. டச்சுக்காரர் வேறு ஆட்கள்.

போகிற வழி சிரமமில்லை. காரில் போனால் பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே போய், பூந்தமல்லிக்கு முன்னால் நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையில் ஏறி, மீஞ்சூரில் இறங்கி, பொன்னேரி வழியாகப் போகலாம். சென்னை நெரிசலுக்குள் தலைகாட்ட வேண்டியதில்லை. ரயில்தான் வசதி என்பவர்கள் விடியற்காலை ஏலகிரி எக்ஸ்பிரஸில் சென்ட்ரல் போய், அங்கிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கி பஸ் பிடிக்கலாம். பழவேற்காட்டிலேயே தங்குவது குடும்பத்துக்குச் சரிப்படாது. ராத்தங்கலைப் பொன்னேரியிலோ சென்னை ஓரத்திலோ வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் ஏமாறக் கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே கோட்டை இல்லை. அகழியும் முள் மண்டிய மேடும்தான் மிச்சம். நம் வேலூர்க் கோட்டை மதிலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் 'இதுவா கோட்டை?' என்று கேட்பார்கள். ஆனால் இந்த மேட்டில்தான் பொற்காசு அடித்தார்கள், வெடிமருந்து செய்தார்கள், சுற்றுவட்டார நெசவாளர்கள் நெய்த கட்டம்போட்ட துணியைப் பொதி பொதியாகக் கப்பலேற்றினார்கள். ஆட்களையும் ஏற்றினார்கள். 17-ஆம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம் வயிற்றுக்கில்லாமல் விற்கப்பட்டவர்களும் பிடித்து விற்கப்பட்டவர்களும் இந்தக் கரையிலிருந்து பட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாகப் போனார்கள். விடுமுறையில் எதற்கு இந்தப் பேச்சு என்று தோன்றலாம். பிள்ளைகளிடம் சொல்லாமல் விடக்கூடிய விஷயம் இல்லை.

நின்று பார்க்க வேண்டிய இடம் டச்சுக் கல்லறைத் தோட்டம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலின் இரு பக்கமும் ஆளுக்கொரு எலும்புக்கூட்டைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். என் மகள் உள்ளே வரவே யோசித்தாள்.

"அப்பா, இதுங்க எதுக்கு வாசல்ல நிக்குது?"

"உள்ளே வர்றவங்க எல்லாரும் ஒருநாள் இப்படித்தான்னு சொல்லத்தான்மா."

"அதை ஒரு போர்டுல எழுதி வச்சிருக்கலாம்ல?" என்றாள்.

உள்ளே படுக்கைவசத்தில் பெரிய கருங்கல் பலகைகள். எழுத்தைக் கல்லுக்குள் வெட்டாமல், சுற்றிலும் கொத்தி எடுத்துவிட்டு எழுத்து மட்டும் மேலெழும்பி நிற்கும்படி செதுக்கியவை. விரலால் தடவினால் ஒவ்வொரு எழுத்தின் விளிம்பும் தட்டுப்படும். மேலே குலச்சின்னம், கீழே பெயர், பதவி, பிறந்த ஊர், இறந்த நாள். இந்த வேலையைச் செய்தவர்கள் சோழமண்டலக் கரையின் கல்தச்சர்கள். தங்களுக்குத் தெரியாத ஒரு மொழியின் எழுத்தை ஒரு கொம்பு, ஒரு சுழி பிசகாமல் கொத்தியிருக்கிறார்கள். இங்கே செதுக்கிய பலகைகள் பட்டாவியாவுக்குக்கூடக் கப்பலில் போயின. படுத்திருப்பவர் யார் என்று கல் விவரமாகச் சொல்கிறது. கொத்தியவர் பெயரை நான் எங்கும் பார்க்கவில்லை.

வெயில் ஏறியதும் ஊருக்குள் வந்தோம். பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் பனங்குருத்து ஓலையில் பெட்டி, கூடை, தட்டு என்று பின்னுவதில் கைதேர்ந்தவர்கள். சாயமேற்றிய ஓலையும் வெள்ளை ஓலையுமாகக் கலந்து, கட்டம் கட்டமாக வருகிற பின்னல். ஒரு வீட்டுத் திண்ணையில் அம்மா உட்கார்ந்துவிட்டாள். அவள் ஆம்பூரில் வீட்டில் இருந்தபடியே ஷூவுக்கு அப்பர் தைத்தவள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் பெட்டியைக் கையில் எடுத்ததும் அழகைப் பார்க்காமல் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள்.

"முடிச்சே தெரியலையே. எங்க விட்டீங்க?"

"உள்ளாற சொருகிட்டேம்மா. வெளிய தெரிஞ்சா கடைக்காரங்க எடுக்க மாட்டாங்க."

"எங்களுக்கும் அப்படித்தான். தையல் ஒண்ணு ஏறி இறங்கினா ஜோடியே ரிட்டன்."

"ஒரு நாளைக்கு எத்தனை தைப்பீங்க?"

பிறகு இருவரும் கூலிக்கணக்கில் இறங்கிவிட்டார்கள். மகள்தான் இடையில் புகுந்தாள். "பாட்டி, நீ தைச்ச ஷூவுல உன் பேரு போடுவாங்களா?" அம்மா சிரித்துவிட்டாள். "கம்பெனி பேரே போட மாட்டாங்க, வாங்குறவன் பேருதான். என் பேரா?"

பழவேற்காட்டுக்கு நான் போகச் சொல்வது இந்தப் பேச்சுக்காகத்தான். கெல்ட்ரியாவில் பொதி கட்டிய துணிக்கும் ஆம்பூரில் பெட்டியில் அடுக்குகிற ஷூவுக்கும் பாதை ஒன்றுதான். வேலை இங்கே, பெயர் அங்கே. அந்த டச்சுக் கம்பெனியின் ஆறு கிளைகளும் இருந்தது ஆம்ஸ்டர்டாம், மிடில்பர்க், டெல்ஃப்ட், ராட்டர்டாம், ஹோர்ன், எங்கௌசன் ஆகிய ஊர்களில். இன்றைக்கு டச்சுக் குடும்பங்கள் வார இறுதியில் ஹோர்னுக்கும் டெல்ஃப்டுக்கும் போகின்றன. கால்வாயோரம் செங்கல் வீடுகள், பழைய துறைமுகம், அருங்காட்சியகம் என்று அந்தக் காலத்துச் செல்வம் அங்கே கண்ணுக்குத் தெரிகிறது. அதே வியாபாரத்தின் இந்தப் பக்கத்து முனையில் முள்மேடு கிடக்கிறது. 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றியதுமே ஊர் இறங்குமுகம். 1781-இல் நாகப்பட்டினத்தை ஆங்கிலேயரிடம் இழந்து டச்சுக்காரர்கள் இங்கேயே திரும்பி வந்தார்கள். 1824 ஒப்பந்தத்தோடு கதை முடிந்தது. வாங்குகிறவன் இடத்தை மாற்றினால் செய்கிறவன் ஊர் என்ன ஆகும் என்பதை ஆர்டர் வராத மாதங்களில் நம் ஊர்க்காரர்களும் பார்த்திருக்கிறார்கள்.

மனதை இறக்கி வைக்க ஏரி இருக்கிறது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில். ஸ்ரீஹரிகோட்டாத் தீவு கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் நீள்கிறது. மார்கழி, தை மாதங்களில் போனால் பூநாரைகளும் கூழைக்கடாக்களும் கண்ணில் படும். ஏரி எல்லோருக்கும் பொது என்று நினைத்துவிடாதீர்கள். எந்தக் குப்பத்தார் எந்த இடத்தில் என்றைக்கு வலை கட்டுவது என்பதை 'பாடு' முறைப்படி முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக நடக்கிற ஏற்பாடு.

படகுச் சவாரிக்கு மட்டும் ஆசைப்படாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுகளுக்குத் தடை. யாராவது ஏற்றிக்கொள்கிறேன் என்று கூப்பிட்டாலும் பிள்ளைகளோடு ஏற வேண்டாம். கரையில் காலாற நடந்தாலே போதும். ஆம்பூர்க்காரர்கள் பிரியாணிப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு போகிற வழக்கத்தை ஒரு நாளைக்கு விட்டுவிடலாம். இறாலும் நண்டும் மடவை மீனும் அன்றன்றைக்குப் பிடித்தது கிடைக்கும். நேரம் மிச்சமிருந்தால் ஆதிநாராயணப் பெருமாள் கோயிலுக்குள் போய், விரலளவு உயரத்தில் ராமாயணத்தைச் செதுக்கியிருப்பதைப் பாருங்கள். அங்கேயும் சிற்பியின் பெயர் கேட்கத் தோன்றும்.

அடுத்த வாரம் டச்சுக்காரர்களின் இன்னொரு கோட்டை, சிதைந்திருந்தாலும் மதிலும் சில கட்டடங்களும் மிஞ்சி நிற்பது: கல்பாக்கத்தை ஒட்டியிருக்கும் சதுரங்கப்பட்டினம். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழி. காலையில் கிளம்பினால் ராத்திரி வீடு திரும்பிவிடலாம். அந்தக் கடலில் 1782-இல் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயரும் மோதிய கதையையும் அங்கே வைத்தே பேசுவோம்.