தவம் செய்யும் பூனை, விஷம் தரும் பானை: மாமல்லபுரம் பக்கம் இதெல்லாம் தெரியுமா?

மாமல்லபுரத்தில் ஒரு பூனை ஏறக்குறைய 1,350 வருஷமாகத் தவம் இருக்கிறது, தெரியுமா? அர்ச்சுனன் தபசுப் பாறையில் பெரிய யானைக்குப் பக்கத்தில் தேடுங்கள். பின்னங்காலில் நிமிர்ந்து, முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கும். மேலே எலும்பும் தோலுமாக ஒற்றைக் காலில் நிற்கிறாரே ஒரு தவசி, அவரைப் பார்த்து அப்படியே காப்பியடிக்கிறது! காலடியில் எலிகள், நம்பிக் கும்பிட்டபடி. நம்பினால் என்ன ஆகும் என்பதைச் சிற்பி நம்மிடமே விட்டுவிட்டார். போலிச் சாமியார்களைக் கிண்டல் செய்வது நேற்று வந்த பழக்கமில்லை.

அந்தத் தவசி அர்ச்சுனனா, கங்கையை வரவழைத்த பகீரதனா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். பாறையின் நடுவே உள்ள பிளவில் நாகர்கள் நெளிந்து மேலே வருகிறார்கள் அல்லவா? பல்லவர் காலத்தில் மேலிருந்து அந்தப் பிளவில் தண்ணீரை விட்டு, கங்கை இறங்குவதை நிஜமாகவே காட்டியிருப்பார்கள் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. மழை கொட்டும்போது அங்கே போய் நின்றால் அது சரிதான் என்று தோன்றும்.

ஐந்து ரதங்களுக்கும் பாண்டவர்களுக்கும் சம்பந்தமே இல்லை, தெரியுமா? பெயர் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொன்றும் ஒரே பாறை. உச்சியில் ஆரம்பித்துக் கீழே செதுக்கிக்கொண்டே வந்தார்கள். அதனால்தான் தர்மராஜ ரதத்தின் மேல்தளங்களில் தேவர்கள் திருத்தமாக நிற்க, அடித்தளம் அரைகுறையாக நின்றுவிட்டது. உளி பட்ட தடம்கூட அங்கங்கே அப்படியே தெரியும். பார்க்கவேண்டியதே அதுதான், முடிந்த வேலையைவிட முடியாத வேலைதான் தொழில் ரகசியத்தைச் சொல்லும். கடற்கரைக் கோயில் வேறு ஜாதி: பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தில் கல்லை வெட்டி அடுக்கிக் கட்டியது. இரண்டு சிவன் சன்னதிகளுக்கு நடுவே பெருமாள் படுத்திருக்கிறார்!

அந்தத் தொழில் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 1957-ல் இங்கே தொடங்கிய சிற்பக் கல்லூரியின் முதல்வராக நெடுங்காலம் இருந்தவர் கணபதி ஸ்தபதி. கன்னியாகுமரியின் 133 அடித் திருவள்ளுவர் சிலை அவர் அமைத்ததுதான். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

வெண்ணெய்த் திரட்டிப் பாறையா? சுமார் 250 டன் எடை, சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. 1908-ல் கவர்னர் ஆர்தர் லாலி ஏழு யானைகளை விட்டு இழுக்கச் சொல்லியும் அசையவில்லையாம். எல்லோரும் அதைக் கையால் தாங்குவதுபோல் போட்டோ எடுப்பார்கள். நீங்களும் எடுத்துக்கொண்டு நகருங்கள், ஏனென்றால் வடக்கே சாளுவன்குப்பத்தில் ஒரு பெரிய சமாச்சாரம் காத்திருக்கிறது.

2004 சுனாமி ஒரு கோயிலைக் காட்டிக்கொடுத்தது, தெரியுமா? அலை மணலை அரித்துக்கொண்டு போனதும் ஒரு பாறையில் கல்வெட்டு வெளிப்பட்டது. அதில் முருகன் கோயில் ஒன்றைப் பற்றிய குறிப்பு. தொல்லியல் துறையினர் தோண்டினால், மணலுக்குள்ளே பல்லவர் காலக் கோயில். அதற்கும் அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில்! அது சங்க காலத்தது என்று சொல்வோர் உண்டு. தமிழகத்தின் மிகப் பழைய முருகன் கோயில்களில் ஒன்று, அதுவும் வடக்குப் பார்த்தது. பக்கத்தில் யாளி முகங்கள் சூழ்ந்த புலிக்குகைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதை எட்டிப் பார்ப்பதுகூட இல்லை. அநியாயம்!

இன்னும் வடக்கே வந்தால் வடநெம்மேலி. அங்குள்ள முதலைப் பண்ணைக்குள்ளேயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-ல் தொடங்கியது. வாயைத் துணியால் கட்டிய மண்பானைகள் வரிசையாக இருக்கும். உள்ளே நல்லபாம்பு, கண்ணாடிவிரியன், கட்டுவிரியன், சுருட்டைவிரியன். பானையிலிருந்து வெறும் கம்பியால் பாம்பை வெளியே இழுத்து, தலையைப் பிடித்து, கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பில் கடிக்கவைக்கிறார்கள். மஞ்சளாகச் சில சொட்டு. அவ்வளவுதான்! இந்தியாவில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கத் தேவைப்படும் விஷத்தில் பெரும்பங்கு இந்தக் கிண்ணங்களிலிருந்தே போகிறது. சில வாரம் விஷம் எடுத்தபின், மறுபடி உடனே பிடித்துவிடாமல் இருக்க வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுகிறார்கள்.

இந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரையும் 2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே அழைத்துப் போனார்கள். அங்கே பெருகித் தொல்லை கொடுத்த பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்கத்தான். சில வாரங்களில் இரண்டு டஜனுக்கு மேல் பிடித்துக் காட்டினார்கள்! 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. மாசி மகத்துக்கு மாமல்லபுரம் வந்தால், கடற்கரை மணலில் குடும்பம் குடும்பமாகக் கூடி, கன்னியம்மனைக் கும்பிட்டு, அங்கேயே கல்யாணமும் முடிக்கும் இருளர்களைப் பார்க்கலாம்.

செங்கல்பட்டு போகும் வழியில் திருக்கழுக்குன்றம். மலைமேல் நண்பகலில் இரண்டு கழுகுகள் வந்து சர்க்கரைப் பொங்கல் வாங்கிச் சாப்பிட்ட கதையைத் தாத்தா பாட்டி சொல்லியிருப்பார்கள். 1990-களின் கடைசியில் அவை வராமல் போயின. ஆனால் அதே மலையின் ஒருகல் மண்டபத் தூணில் 17-ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தங்கள் பெயரைக் கிறுக்கிவைத்திருக்கிறார்கள், தெரியுமா? சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டித் துணி வியாபாரம் செய்தவர்கள், ஓய்வுக்கு மலையேறியிருக்கிறார்கள்! நம் ஊர்ப் பையன்களை மட்டும் திட்டிப் பயனில்லை. (அதற்காக நீங்கள் கிறுக்காதீர்கள்.)

செங்கல்பட்டில் ரயில் பழைய கோட்டைக்குள்ளேயே புகுந்து போகிறது. ஜன்னல் பக்கம் கொளவாய் ஏரி. இதே மாவட்டத்துப் பல்லாவரத்தில்தான் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவின் கற்கால வரலாற்றையே திறந்துவைத்தார். வேடந்தாங்கலில் பறவைகளுக்கு 1798-லேயே கலெக்டர் லயோனல் பிளேஸிடம் பாதுகாப்பு வாங்கிவிட்டார்கள் ஊர்க்காரர்கள். பக்தி மட்டும் காரணமில்லை. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு இலவச உரம்!

இரண்டு நாள் இருந்தால் நிதானமாகப் பார்க்கலாம். பறவைகளும் வேண்டுமென்றால் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் வாருங்கள். ஐந்து ரதத்துக்கு வாங்கும் டிக்கெட்டே கடற்கரைக் கோயிலுக்கும் செல்லும், கசக்கிப் போட்டுவிடாதீர்கள்.