தானே திறக்கும் கதவு: தேர்வும் பொருத்தலும்

கதவு காப்பதற்கும் ஆனது, வரவேற்பதற்கும் ஆனது. ஆனால் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் கையில் வலுவிழந்த முதியவருக்கும் அதுவே சுவராகி விடுகிறது. இக்குறையைத் தீர்க்க வந்தவை தானியங்கிக் கதவுத் திறப்பான்கள். கதவு வேலையிலேயே காலம் கழித்த மர்பி டவுன்வாசி என்ற முறையில், அவை பற்றிச் சில செய்திகளை இம்மலர் வழியாகச் சொல்ல விழைகிறேன்.

இயந்திரக் கதவு இன்று நேற்று வந்ததல்ல. பலிபீடத்தில் தீ மூட்டினால் சூடான காற்று நீரைத் தள்ள, அந்நீரின் எடையால் கோயில் கதவு திறக்கும் அமைப்பை கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஹீரோன் விவரித்திருக்கிறார். இன்று கடைகளில் காணும் பக்கவாட்டில் நகரும் கதவை 1954இல் டெக்சாஸில் ஹார்ட்டன், ஹியூவிட் என்னும் இருவர் வடிவமைத்தனர்.

முதலில் அளவுகோல், பிறகு மோட்டார்

நாக்ஸ்பேட் என்ற பழம்பெயர் கொண்ட எங்கள் பகுதிக்கு, மர்பி என்ற பொறியாளரின் பெயர் பின்னர் வந்தது. சிறு மனைகள், ஒடுங்கிய வாசல்கள். எங்கள் தெருவில் ஓர் அத்தை பக்கவாதத்துக்குப் பின் சக்கர நாற்காலிக்கு வந்தார். மகன் மோட்டார் வாங்கத் தயாராக இருந்தார். அத்தை என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "யாரையும் கூப்பிடாம நானே வெளிய வரணும் தம்பி, அது போதும்."

அளந்து பார்த்தேன். மூன்றடி வாசல் என்று நாம் சொல்வது நிலையின் வெளியளவு. இரண்டு நிலைக்கால்களும் போக மிஞ்சியது 76 செ.மீ. கதவைத் திறந்தால் அதன் தடிமனும் குறுக்கே நின்று, 72 ஆகிறது. சாதாரண சக்கர நாற்காலியே 60 முதல் 70 செ.மீ. அகலம், சக்கரத்தைத் தள்ளும் விரல்களுக்கு இடமில்லை. நடுவண் அரசின் 2021ஆம் ஆண்டு நெறிமுறைகள் கேட்பது 90 செ.மீ. ஆகவே முதல் செலவு நிலையை அகலப்படுத்தவும், வாசற்படி உயரத்தைச் சாய்தளமாக்கவும் ஆனது. மோட்டார் கடைசியில்தான் வந்தது. இடமே இல்லாத வாசலில் எந்த மோட்டாரும் வழி உண்டாக்காது.

எந்த வகை?

நகரும் கதவுக்கு, அதன் அகலத்துக்கு ஈடாகப் பக்கச் சுவர் வேண்டும். சின்ன வீட்டில் அதற்கு எங்கே போவது? கீலில் திரும்பும் கதவுக்கான 'குறைவிசை' வகையே வீட்டுக்கு ஏற்றது. ஸ்விட்சை அழுத்தினால் மெதுவாகத் திறக்கும். அமெரிக்கத் தரவிதிப்படி, திறக்க ஏறத்தாழ 3 விநாடிக்குக் குறையக் கூடாது. திறந்தபின் 5 விநாடியாவது நிற்க வேண்டும். கை வைத்துத் தடுத்தால் 67 நியூட்டன், அதாவது சுமார் 7 கிலோ விசைக்குள் நின்றுவிட வேண்டும். முதியவர் வீட்டில் 5 விநாடி போதாது. 15, 20 என்று வைப்பேன்.

நம் வாசற்கதவுகள் உள்நோக்கித் திறப்பவை. மோட்டாரை உள்ளே வைத்தால் மழை படாது. அப்படியானால் கதவை இழுக்கும் கை உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள். தள்ளும் கை உதவாது. தேக்குக் கதவென்றால் எடை போட்டுப் பார்த்து, அந்த எடையைத் தாங்கும் மாதிரியைத் தேர்ந்தெடுங்கள்.

பொருத்தும்போது

1. கையால் லேசாகத் திறக்காத கதவை மோட்டாரிடம் ஒப்படைக்காதீர்கள். கீலையும் உராய்வையும் முதலில் சரிசெய்யுங்கள்.

2. பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் திருகாணி நிற்காது. இரும்புத் தகடு வைத்து நிலையோடு பிணைக்க வேண்டும்.

3. ஸ்விட்ச் தரையிலிருந்து 90 முதல் 100 செ.மீ. உயரத்தில், முழங்கையால் அழுத்தும்படி, கதவு சுழலும் வட்டத்துக்கு வெளியே இருக்கட்டும். இல்லையேல் கதவு நாற்காலியிலேயே மோதும்.

4. மின்பூட்டு விடுபட்ட பிறகே மோட்டார் இயங்க வேண்டும். பழைய தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு ஸ்விட்சை அழுத்தினால் மோட்டார் கெடும்.

5. "கரண்ட் போனா என்ன சார் செய்றது?" என்று எல்லோரும் கேட்பார்கள். நல்ல கேள்வி. பேட்டரி வையுங்கள். அதுவும் தீர்ந்தால், உள்ளிருந்து கையால் திறக்கும்படி கதவும் பூட்டும் இருக்க வேண்டும். மெயினை அணைத்துவிட்டு, அந்த வீட்டு முதியவரையே திறக்கச் சொல்லிப் பார்க்காமல் வேலைக்காரருக்குக் கணக்குத் தீர்க்காதீர்கள்.

பொது இடங்கள்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்களில் தடையற்ற அணுகலை வலியுறுத்துகிறது. இத்தகைய விதிகள் வெறும் பரிந்துரையாக இருத்தலாகாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்தது. வீட்டு வாசலுக்கு இச்சட்டம் வராது. அது நம் மனச்சாட்சியைப் பொறுத்தது. ஆனால் திருமண மண்டபம், நூலகம், மருத்துவமனை, சங்கக் கூடம் ஆகியவற்றை நிர்வகிப்போர் மோட்டாருக்கு விலைப்பட்டியல் கேட்பதற்கு முன், ஒரு நாடாவை எடுத்துக் கொண்டு தங்கள் வாசலை அளந்து பார்ப்பார்களாக. பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.