ஊசி போட்டால் பிரியாணி தந்த கோவளம்! சர்க்கரையை அடக்கினால் பரிசு என்ன?

கோவளம்,

ஊசி போட்டுக் கொண்டால் பிரியாணி! குலுக்கலில் பெயர் வந்தால் தங்க காசு!

சினிமா கதை அல்ல. 2021-ம் ஆண்டு கொரோனா இரண்டாவது அலை தமிழ்நாட்டை ஆட்டிப் படைத்தபோது, கிழக்கு கடற்கரை சாலையில் உள்ள கோவளம் மீனவர் குப்பத்தில் நடந்த உண்மை சம்பவம்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

அந்த ஆண்டு மார்ச் 1-ந்தேதி முதல் 60 வயது தாண்டியவர்களுக்கும், 45 வயது தாண்டிய நோயாளிகளில் குறிப்பிட்ட சிலருக்கும் தடுப்பூசி போட அரசு உத்தரவிட்டது. பல ஆண்டுகளாக சர்க்கரை வியாதி உள்ளவர்கள் அந்த பட்டியலில் இருந்தார்கள். ஏப்ரல் 1-ந்தேதி முதல் 45 வயது தாண்டிய எல்லோருக்கும் ஊசி என்று அறிவிப்பு வந்தது.

ஆனால் கோவளத்தில் ஊசி போட ஆள் வரவில்லை!

"ஊசி போட்டா காய்ச்சல் வரும், ரெண்டு நாள் கடலுக்கு போக முடியாது, வீட்ல அடுப்பு யார் எரிப்பாங்க?" என்பது ஒரு பயம். "ஊசி போட்டவங்களுக்கே ஆபத்தாமே" என்பது இன்னொரு பயம். இரண்டு மாதத்தில் ஊசி போட்டவர்கள் 60 பேர் கூட இல்லை.

எஸ்.டி.எஸ். பவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம், வேறு சில அறக்கட்டளைகளுடன் சேர்ந்து ஒரு யோசனை செய்தது. ஊசி போட்டவருக்கு பிரியாணி. வாராவாரம் குலுக்கலில் மிக்சி, தங்க காசு. பம்பர் பரிசாக பிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஸ்கூட்டர்!

அவ்வளவுதான். மூன்றே நாளில் 300 பேருக்கு மேல் கையை நீட்டினார்கள். வெளிநாட்டு பத்திரிகைகள் வரை கோவளத்தின் பெயர் அடிபட்டது.

முதல் பலி

சர்க்கரை உள்ளவர்களை ஏன் முன்வரிசையில் நிறுத்தினார்கள்? அதற்கு ஓர் ஆண்டு பின்னால் போக வேண்டும்.

2020 மார்ச் 25-ந்தேதி அதிகாலை. மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் 54 வயது ஆண் ஒருவர் இறந்தார். தமிழ்நாட்டில் கொரோனாவுக்கு முதல் பலி! அவருக்கு கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை வியாதி, ரத்தக்கொதிப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய் ஆகியவை இருந்ததாக சுகாதாரத்துறை அமைச்சராக இருந்த விஜயபாஸ்கர் அறிவித்தார்.

அதன்பிறகு தினமும் அரசு அறிக்கை வந்தது. இறந்தவர்களுக்கு வேறு என்ன நோய் இருந்தது என்றும் அதில் போட்டிருந்தார்கள். நாள் தவறாமல் அந்த பட்டியலில் வந்த பெயர், சர்க்கரை!

கவனிக்க வேண்டிய வார்த்தை, "கட்டுப்பாட்டில் இல்லாத" என்பதுதான். சர்க்கரை இருப்பவருக்கெல்லாம் ஆபத்து ஒரே மாதிரி அல்ல. அளவு அடங்கி இருப்பவர் காய்ச்சலை தாண்டி வர வாய்ப்பு அதிகம். அளவு எகிறி இருப்பவர்தான் முதலில் மாட்டிக்கொள்கிறார்.

உள்ளே நடப்பது என்ன?

ரத்தத்தில் சர்க்கரை கூடிப்போனால், கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் மந்தமாகி விடுகின்றன. காவல் இருக்க வேண்டிய போலீஸ்காரர் தூங்கி வழிந்தால் திருடனுக்கு கொண்டாட்டம்தானே!

இது பாதி கதை. மீதி கதை இன்னும் மோசம்.

காய்ச்சல் வந்ததும் உடம்பு சில ஹார்மோன்களை அதிகமாக சுரக்கிறது. அவை சர்க்கரையை மேலே ஏற்றுகின்றன. கிருமியால் சர்க்கரை ஏறுகிறது. சர்க்கரையால் கிருமி வளர்கிறது. இந்த சுழலில் சிக்கினால் வெளியே வருவது கஷ்டம். கொரோனா மட்டும் அல்ல, புளு காய்ச்சல், மழைக்காலத்தில் வரும் டெங்கு ஆகியவையும் சர்க்கரைக்காரர்களை கடுமையாக தாக்கும் ஆபத்து உண்டு.

2023-ம் ஆண்டு வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை உள்ளவர்கள் சுமார் 10 கோடி பேர். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100-க்கு 14 பேருக்கு சர்க்கரை. தாம்பரத்தில் ரெயிலை விட்டு இறங்கும் கூட்டத்தில் நூறு பேரை நிறுத்தி எண்ணிப் பாருங்கள்!

"சாப்பிடல... மாத்திரை எதுக்கு?"

காய்ச்சல் வந்தவர் செய்யும் முதல் தப்பு இதுதான். வாய் கசக்கிறது, சாப்பிடவில்லை, அதனால் சர்க்கரை மாத்திரையும் வேண்டாம் என்று ஓரம் கட்டி விடுகிறார்கள்.

சாப்பிடாவிட்டாலும் காய்ச்சலே சர்க்கரையை ஏற்றும் என்பதை மறந்து விடுகிறார்கள்.

இன்சுலின் போடுபவர்கள் அதை தானாக அடியோடு நிறுத்தவே கூடாது. அளவை கூட்டுவதா குறைப்பதா என்பதை டாக்டர் சொல்ல வேண்டும்.

அதற்காக கண்ணை மூடிக்கொண்டு எல்லா மாத்திரையையும் விழுங்குவதும் ஆபத்து. கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளை போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். வாந்தி, பேதி இருக்கும்போது மெட்பார்மின் போன்ற சில மாத்திரைகளை தற்காலிகமாக நிறுத்த வேண்டி வரும். எதை நிறுத்துவது, எதை தொடருவது என்று நல்லா இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு, சீட்டில் எழுதி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

குளுக்கோஸ் பவுடர்

அடுத்த தப்பு, பாசத்தில் செய்வது. காய்ச்சல்காரர் சோர்ந்து கிடந்தால் குளுக்கோஸ் பவுடரை கரைத்து டம்ளர் டம்ளராக கொடுப்பார்கள். சர்க்கரை ஏற்கனவே ஏறி இருப்பவருக்கு இது எரியும் நெருப்பில் எண்ணெய்!

வெறும் தண்ணீர், மோர், சாப்பிட முடியாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக கஞ்சி போதும். தண்ணீர் மட்டும் குறையவே கூடாது. சிறுநீரக, இருதய கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு தண்ணீர் என்பதை டாக்டரிடம் கேட்க வேண்டும்.

வீட்டில் சர்க்கரை பார்க்கும் மெஷின் இருந்தால் காய்ச்சல் நாட்களில் அடிக்கடி பார்க்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்ப்பது நல்லது.

70-க்கு கீழே போனால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கரைத்து குடிக்க வேண்டும். 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

250-க்கு மேல் போய் இறங்காமல் நின்றால், வாந்தி நிற்காவிட்டால், மூச்சு வாங்கினால், ஆள் பேச்சு குழறி அசந்து போனால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆட்டோவோ, 108 ஆம்புலன்சோ, உடனே ஆஸ்பத்திரிதான்!

அந்த "செட்" மாத்திரை

"அண்ணே, உடம்பு அனலா கொதிக்குது. ஒரு செட் மாத்திரை குடுங்க!"

மருந்துக்கடையில் தினமும் கேட்கும் குரல் இது. பேர் இல்லாத பொட்டலத்தில் நாலு கலர் மாத்திரை கைக்கு வரும். சில பொட்டலங்களில் ஸ்டீராய்டு மாத்திரையும் கலந்திருப்பது உண்டு. போட்டதும் காய்ச்சல் விட்டதுபோல் தோன்றும். உள்ளே சர்க்கரை ஜிவ்வென்று ஏறும்.

2021-ல் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. கறுப்பு பூஞ்சை! கொரோனாவில் இருந்து தப்பியவர்களின் மூக்கையும் கண்ணையும் அரித்த நோய். மே மாதம் தமிழ்நாடு அரசு இதை கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. ஜூன் 28-ந்தேதி வரை நாடு முழுவதும் 40 ஆயிரத்து 845 பேருக்கு வந்ததாக மத்திய அரசு கணக்கு சொன்னது. அவர்களில் 100-க்கு 64 பேர் சர்க்கரை உள்ளவர்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஸ்டீராய்டு எடுத்தவர்கள்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல. ஆஸ்பத்திரியில் பல உயிரை காப்பாற்றியதும் அதுதான். டாக்டர் பார்வையில், சர்க்கரையை அளந்துகொண்டே கொடுக்க வேண்டிய மருந்து. கடை பொட்டலத்தில் வர வேண்டிய மருந்து அல்ல.

டெங்கு சந்தேகம் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை தொடக்கூடாது. ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. இருதயத்துக்காக தினமும் ஆஸ்பிரின் போடுபவர்கள் உடனே டாக்டரை கேட்க வேண்டும்.

ஒரே ஊசி... பல விரல்!

சர்க்கரை பார்க்கும் இடத்திலேயே கிருமி தொற்றும் வழி ஒன்று உண்டு. வீட்டில் அப்பாவுக்கு குத்திய ஊசியையே அம்மாவுக்கும், பக்கத்து வீட்டு அக்காவுக்கும் குத்துவது!

கண்ணுக்கு தெரியாத ஒரு துளி ரத்தம் போதும், மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ்-பி வைரஸ் தொற்றிக்கொள்ள. ஆளுக்கு ஒரு ஊசி, குத்தியதும் குப்பை. முகாமுக்கு போனால், "புது ஊசிதானே?" என்று கேட்க வெட்கப்படக் கூடாது.

புளு காய்ச்சலுக்கு ஆண்டுக்கு ஒரு தடுப்பூசி, நிமோனியாவுக்கு ஒரு தடுப்பூசி, ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி ஆகியவை சர்க்கரை உள்ளவர்களுக்கு நல்லது. வயதையும் உடம்பையும் பார்த்து டாக்டர் சொல்லுவார். நெரிசல் பஸ்சில், ஆஸ்பத்திரி வரிசையில் முககவசம் போடுவதற்கும், வீடு திரும்பியதும் சோப்பு போட்டு கை கழுவுவதற்கும் யாரையும் கேட்க வேண்டியது இல்லை.

கைக்காசு இல்லையே என்று தள்ளிப்போட காரணம் கிடையாது. சர்க்கரை மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். 2021 ஆகஸ்டு 5-ந்தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது.

குலுக்கல் இல்லை

கோவளத்தில் ஊசிக்கு பிரியாணி கிடைத்தது. தினமும் சர்க்கரை மாத்திரை போடுகிறவருக்கு யாரும் பிரியாணி தருவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்த பரிசோதனை செய்கிறவர் பெயரை குலுக்கலில் போடுவதில்லை. ஸ்கூட்டரும் கிடையாது.

ஆனால் அடுத்த காய்ச்சல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வருகிற அன்று ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதை அன்று அவசரமாக அடக்க முடியாது. இன்றே அடக்கி வைக்க வேண்டும்.

காய்ச்சலில் விழுந்த ஆள் நாலு நாளில் எழுந்து, மறுபடி படகை கடலுக்குள் தள்ளினால், கடையின் ஷட்டரை தூக்கினால், அதைவிட பெரிய பம்பர் பரிசு வேறு என்ன?