ஏரிக்கரைச் சேற்றின் திரவ எல்லையை அறியும் விதம்

பொன்னேரி தாலூகாவில் பழவேற்காடு ஏரியை அடுத்துள்ள நிலங்களுக்குக் கரையே காவல் என்பது யாவரும் அறிந்த விஷயமாகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆரணியாற்று வெள்ளம் வந்து சேர்ந்து ஏரிநீர் உயருங்கால், பலவீனமான கரை சரிந்து, உவர்நீர் நெற்பயிரில் பாயக்கூடும். மீனவர் குப்பங்களுக்குச் செல்லும் மண்பாதைகளுக்கும் குட்டைக் கரைகளுக்கும் இதே அபாயம் உண்டு. ஆகையால், கரைக்கு வெட்டும் மண் எவ்வளவு நீரை ஏற்றால் உறுதியிழந்து கூழாகும் என்பதை முன்னதாக அறிதல் அவசியம். அவ்வளவிற்கே 'திரவ எல்லை' என்று பெயர்.

சுவீடன் தேசத்து விவசாய ரசாயன நிபுணர் ஆல்பர்ட் ஆட்டர்பெர்க் 1911-ஆம் ஆண்டில் இவ்வெல்லைகளை விவரித்தார். 1932-இல் ஆர்தர் கசாகிராண்டே என்பவர் அதற்குரிய கிண்ணக் கருவியின் முறையை வெளியிட்டார்.

425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண் சுமார் 120 கிராம் எடுத்து, வடிநீர் விட்டுப் பிசைந்து, ஒரு பகுதியைக் கிண்ணத்திலிட்டு, நடுவே வாய்க்கால் போலக் கீறுவர். கிண்ணத்தை 1 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து வினாடிக்கு 2 முறை வீதம் விழச்செய்து, இருபுற மண்ணும் 12 மில்லிமீட்டர் நீளம் ஒன்றுசேரும் வரை தட்டுகளை எண்ணுவர். 25 தட்டுகளில் ஒன்றுசேரும் மண்ணின் ஈரமே திரவ எல்லை.

சரியாக 25 தட்டு வாய்ப்பது அரிதாதலால், நீரை மாற்றி நான்கைந்து முறை பரீட்சிப்பர். உதாரணமாக, 27 தட்டுகளில் சேர்ந்த ஈரமண் 31 கிராம், அதனை 105 முதல் 110 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் உலர்த்திய பின் 20 கிராம் என்று கொள்வோம். நீர் 11 கிராம். அதை உலர்ந்த மண்ணின் எடையால் வகுக்க, ஈரம் 55 சதவீதம். இவ்வாறே 34 தட்டுக்கு 52, 21 தட்டுக்கு 58, 16 தட்டுக்கு 61 சதவீதம் கிடைத்ததாயின், தட்டுகளை லாகரிதம் அளவிலும் ஈரத்தைச் சாதாரண அளவிலும் குறித்து ஒரு நேர்கோடு வரையவேண்டும். அக்கோட்டில் 25 தட்டுக்கு நேரான ஈரம் ஏறக்குறைய 56 சதவீதம். இதுவே அம்மண்ணின் திரவ எல்லை.

50-க்கு மேற்பட்டதை மிகுந்த குழைமையுள்ள களிமண் வகையில் சேர்ப்பர். அது ஈரத்தில் உப்பி, கோடையில் வெடிக்கும் இயல்புடையது. எல்லையை மட்டும் பார்த்தல் போதாது; வெட்டிய சேற்றின் ஈரம் 52 சதவீதமாயிருப்பின், இன்னும் 4 பங்கு நீர் சேர்ந்தால் அது கூழாகும். அத்தகைய சேற்றை அப்படியே கரையில் கொட்டலாகாது. பரப்பி ஆறவிட்டு, 3 மில்லிமீட்டர் கனமுள்ள திரியாக உருட்டினால் நொறுங்கத் தொடங்கும் பதம் வந்தபின், மெல்லிய அடுக்குகளாக இட்டுத் திமிசு போடவேண்டும்.

மண் மாதிரி எடுப்போர் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மக்கிய பொருள் மிகுந்த கருஞ்சேற்றை முன்னதாக முற்றிலும் உலர்த்திவிட்டால், எல்லை உண்மையைவிடக் குறைந்து தோன்றும். உப்பைக் கழுவினாலும் அளவு மாறக்கூடும். ஆகவே, ஈரம் போகாதபடி மூடிய டப்பாவில் அடைத்து, சர்வே எண்ணையும் ஆழத்தையும் எழுதி ஒட்டி அனுப்புக. கிராம அலுவலர்கள் மழைக்கு முன்னரே இதனைச் செய்வித்தால், கரைச் செலவு வீண்போகாமல் பயிரும் காக்கப்படும்.