கடகடவா, டிக்டிக்கா?

அம்பாசிடரும் பிரிமியர் பத்மினியும் ஓடிய காலத்தில் வண்டியில் சத்தம் வருகிறதே என்று யாரும் கவலைப்பட்டதில்லை. ஹாரனைத் தவிர மற்ற எல்லா உறுப்பும் சத்தம் போடும் என்று ஒரு வேடிக்கைப் பேச்சே உண்டு. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 ஒரு தில்லிக்காரர் கைக்கு வந்த பிறகுதான் நம் காதுகளின் குணம் மாறத் தொடங்கியது. இப்போதோ கண்ணாடியை ஏற்றி ஏ.சி.யைப் போட்டுவிட்டால் என்ஜின் ஓடுகிறதா இல்லையா என்று மீட்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட அமைதியில் புதிதாக ஒரு 'கறகற' கேட்டால் வயிற்றைக் கலக்கத்தானே செய்யும்? அதுவும் கடன் தவணை இன்னும் நாலு வருஷம் பாக்கி இருக்கும்போது!

என் வண்டிக்குப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. ஓடியது 9,000 கிலோமீட்டர்தான். சின்ன பெட்ரோல் கார். தில்லிக் குளிர் இறங்கிய டிசம்பரில், காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் என்ஜினின் ஓர் ஓரத்திலிருந்து 'கறகற'வென்று ஒரு சத்தம். தகர டப்பாவில் சங்கிலியைப் போட்டுக் குலுக்கியதுபோல ஐந்தாறு விநாடி. பிறகு ஒன்றுமே தெரியாத அப்பாவிபோல் வண்டி அமைதியாகிவிடும். அன்று முழுவதும் எத்தனை முறை நிறுத்திக் கிளப்பினாலும் அந்தச் சத்தம் வராது.

சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். வீட்டிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். போய்ச் சேருவதற்குள் என்ஜின் நன்றாகச் சூடாகிவிடும். அப்புறம் சத்தத்துக்கு எங்கே போவது? வரவேற்பறையில் இருந்த இளைஞர் பானெட்டைத் திறந்தார், காதைச் சாய்த்தார், "நார்மல் ஹை, அங்கிள்ஜி" என்றார். அதாவது இது இயல்புதானாம். வண்டியைக் குளிப்பாட்டி, டயருக்கு மினுமினுப்பு பூசி, மாலையில் திருப்பிக் கொடுத்தார்கள். பத்து நாள் கழித்து மறுபடி போனேன். மறுபடி குளியல், மறுபடி 'நார்மல்'. வண்டி அழுக்கில்லாமல் இருந்தது என்பதைத் தவிர வேறு பலன் இல்லை.

இதற்கிடையில் மே விடுமுறையில் தேசிய நெடுஞ்சாலை 44 வழியாகக் குடும்பத்தோடு ஊருக்குப் போவதாகத் திட்டம். ஆக்ரா, குவாலியர், ஜான்சி, நாக்பூர், ஹைதராபாத் என்று வரிசையாக இறங்கிப் போகும் நீண்ட பாதை. காலையில் அந்தச் சத்தத்தைக் கேட்ட என் மனைவி, "என்னங்க, இதோட நாக்பூர் தாண்டிப் போய் நடுவழியில நின்னுட்டா யாரைக் கூப்பிடுவீங்க? உங்களோட 'நார்மல் ஹை'யையா?" என்றாள். நியாயமான கேள்வி. புது வண்டியின் வாரண்டி பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டு, அல்லது இத்தனை கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை. கோளாறு இருந்து அது அந்தக் கெடுவுக்குள் எழுத்தில் ஏறாவிட்டால், பின்னால் என்ஜின் பிரிக்கும் செலவு நம் தலையில்தான் விழும்.

நம்மவர்களுக்கு இங்கே இன்னொரு தயக்கமும் உண்டு. இருபது வருஷம் தில்லியில் குப்பை கொட்டியிருப்போம். காய்கறிக்காரரிடம் சரளமாகப் பேரம் பேசுவோம். ஆனால் என்ஜின் சத்தத்தை இந்தியில் எப்படி விவரிப்பது? கவலையே வேண்டாம் என்பேன். ஒலிக்குறிப்புச் சொற்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. இரட்டைக்கிளவியைப் பிரித்துச் சொல்லலாகாது என்று தொல்காப்பியர் விதியே எழுதிவைத்திருக்கிறார். இந்தியிலும் மெக்கானிக்குகள் அதே பாணியில்தான் பேசுகிறார்கள்: கட்கட், டிக்டிக், கர்கர், சூன்சூன். நாம் வாயால் அந்த ஒலியைச் செய்து காட்டினாலே முக்கால் பங்கு புரிந்துவிடும். கூச்சப்படக் கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் 'என்ன சத்தம்' என்பதைவிட 'எப்போது சத்தம்' என்பதுதான் மெக்கானிக்குக்கு உண்மையில் துப்புக் கொடுக்கிறது. குளிர்ந்த என்ஜினிலா, சூடான பிறகா? நின்றிருக்கும்போதா, ஓடும்போதா? நிற்கும் வண்டியில் கியர் போடாமல் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் சத்தமும் கூடவே வேகமாகிறதா? அப்படியென்றால் அது என்ஜினோடு சுழலும் ஏதோ ஒன்று. என்ஜின் வேகத்துக்குச் சம்பந்தமில்லாமல் சாலை வேகத்தோடு கூடிக்குறைந்தால் சக்கரம், பேரிங், டயர் பக்கம் பார்க்க வேண்டும். ஏ.சி.யை அணைத்தால் நிற்கிறதா? ஸ்டியரிங்கைத் திருப்பினால் கூடுகிறதா? இதையெல்லாம் ஒரு வாரம் கவனித்து ஒரு துண்டுச் சீட்டில் தேதியோடு குறித்துக்கொண்டு போனால், எதிரில் இருப்பவரின் தோரணையே மாறுவதைப் பார்க்கலாம்.

மூன்றாவது முறை நான் இரண்டு காரியம் செய்தேன். தொடர்ந்து நான்கு நாள் காலையில், பானெட்டைத் திறந்துவைத்து மனைவியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, செல்போனில் படமும் ஒலியுமாகப் பதிவு செய்தேன். பிறகு வண்டியை மாலையில் கொண்டுபோய், "இன்று இரவு இங்கேயே நிற்கட்டும், காலையில் நான் வந்த பிறகுதான் யாரும் சாவியைத் தொட வேண்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். முக்கியமாக, ஜாப் கார்டில் 'ஜெனரல் செக்கப்' என்று எழுதப்போனவரை நிறுத்தி, 'குளிர்ந்த நிலையில் முதல் ஸ்டார்ட்டில் 5 விநாடி உலோகச் சத்தம். வாடிக்கையாளர் முன்னிலையில் சோதிக்க' என்று எழுதவைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலை எட்டரை மணி, பனிமூட்டம். சீனியர் மெக்கானிக் சாவியைத் திருகினார். கறகறகற! அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "யே நார்மல் நஹீ ஹை" என்றார், தமக்குத்தாமே பேசிக்கொள்வதுபோல.

டைமிங் செயின் டென்ஷனர் என்றார்கள். இது என்னவென்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என்ஜினின் அடியில் சுழலும் கிராங்க் ஷாஃப்ட்டையும், மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டையும் இணைப்பது ஒரு சங்கிலி. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. இந்தக் கணக்கு ஒரு பல்கூடத் தவறக் கூடாது. சங்கிலி தொய்யாமல் அழுத்திப் பிடித்துக்கொள்வதுதான் டென்ஷனரின் வேலை. பல என்ஜின்களில் அது ஆயில் அழுத்தத்தால் இயங்குகிறது. இரவெல்லாம் வண்டி நின்றால் ஆயில் கீழே வடிந்துவிடும். டென்ஷனருக்குள் கொஞ்சம் ஆயிலைத் தேக்கி வைக்க ஒரு சின்ன வால்வு உண்டு. அது சரியாக மூடாவிட்டால், காலையில் பம்ப் ஆயிலை மேலேற்றும்வரை சங்கிலி தொளதொளவென்று ஆடி உறையில் உரசும். அதுதான் நம் கறகற.

ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு விநாடி லேசாகச் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டியதில்லை. நாளுக்கு நாள் அது நீண்டுகொண்டே போனால் சும்மா விடக் கூடாது. சங்கிலி ஒருநாள் பல் தாண்டினால், பல என்ஜின்களில் பிஸ்டன் மேலே வரும்போது திறந்திருக்கும் வால்வில் மோதி, என்ஜினே பாழாகிவிடும். ஆயில் ஃபில்டரிலும் ஆயில் வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு ஒன்று உண்டு. மலிவான போலி ஃபில்டர் போட்டாலும் இதே சத்தம் வரலாம். ஆயிலின் தடிமனும் முக்கியம். கையேட்டில் 0டபிள்யூ-20 என்று இருந்தால் அதைத்தான் ஊற்ற வேண்டும். கெட்டியான ஆயில் என்ஜினுக்கு நல்லது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். குளிரில் அது மேலேறத் தாமதமாகும்.

என் வண்டிக்கு டென்ஷனரும் சங்கிலியும் வாரண்டியில் மாற்றித் தந்தார்கள். மூன்று நாள் ஆயிற்று. கட்டணம் இல்லை. (அந்த முறை வண்டியைக் கழுவவும் இல்லை!)

எல்லாச் சத்தத்துக்கும் இப்படிப் பதற வேண்டாம். நிறுத்திய பிறகு அடியிலிருந்து வரும் 'டிங் டிங்' சூடான சைலன்சர் குழாய் ஆறிச் சுருங்குவது. அணைத்த பிறகும் விசிறி ஓடினால் ரேடியேட்டர் சூட்டைத் தணிக்கிறது, தானே நிற்கும். பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் என்ஜின்களில் தையல் மெஷின்போல 'டிக்டிக்' கேட்பது இன்ஜெக்டர்களும் பம்ப்பும் வேலை செய்யும் ஓசை. மழைக்கு மறுநாள் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் 'கரகர' என்றால் டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு. ஒரு நண்பர் இரண்டு மாதமாக டிக்கியில் 'கடகட' என்று அலைந்தார். கடைசியில் ஸ்டெப்னிப் பள்ளத்திலிருந்து எடுத்தது, ஹரித்வார் பயணத்தில் தொலைந்துபோன எவர்சில்வர் டம்ளர்.

மேம்பாலம் ஏறும்போது மேல் கியரிலேயே அழுத்தினால் கேட்கும் 'கிணிகிணி' நாக்கிங். கியரைக் குறைத்தால் போய்விடும். குறைத்தும் போகாவிட்டால் காட்டுங்கள். இதற்கு 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்று ஒரு பேச்சு உலவுகிறது. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம். அது கலந்தால் நாக்கிங் குறையத்தான் வேண்டும். மைலேஜ் குறைவது வேறு விஷயம், அந்தப் புகாரில் உண்மை உண்டு.

உடனே நிறுத்த வேண்டிய சமயங்களும் உண்டு. சிவப்பு நிறத்தில் எண்ணெய்க் குப்பி விளக்கு எரிந்து, உள்ளே சுத்தியலால் தட்டுவதுபோல் 'டொக் டொக்' கேட்டால், ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிட்டு வண்டி இழுப்பவரைக் கூப்பிடுங்கள். வீடு பக்கத்தில்தானே என்று ஓட்டக் கூடாது. மஞ்சள் என்ஜின் விளக்கு சும்மா எரிந்தால் சீக்கிரம் சர்வீஸுக்குப் போகலாம். அது விட்டுவிட்டு மின்னி, வண்டியும் குலுங்கினால் வேகத்தைக் குறைத்து நிறுத்துவதே நல்லது. எரியாத பெட்ரோல் போய் விலையுயர்ந்த கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுத்துவிடும்.

மழைக்காலத்தில் மிண்டோ பாலத்தடியைப் பற்றித் தில்லிவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படி மறுபடி கிளப்பியதால் கெட்ட என்ஜினுக்குச் சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் பெரும்பாலும் பணம் கிடைக்காது. என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். எலி கடித்த வயருக்கும் வாரண்டி கிடையாது. கரோல் பாக்கில் விளக்கும் ஸ்பீக்கரும் பொருத்தும்போது கம்பெனி வயரை வெட்டி ஒட்டியிருந்தால், அதைக் காட்டியே வாரண்டியை மறுக்கவும் இடமுண்டு.

மூன்று முறை போயும் சத்தம் தீரவில்லை என்றால்? புது வண்டியே மாற்றித் தர வேண்டும் என்று பலர் கொதிப்பார்கள். நம் நாட்டில் அதற்கென்று தனிச் சட்டம் இல்லை. 2006-ல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரண்டியின் வாசகம் பழுதான பாகத்தை மாற்றித் தருவதைத்தான் சொல்கிறது என்று தீர்ப்பளித்தது. எனவே பாகத்தை மாற்றச் சொல்லிக் கேட்பதே பலன் தரும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நம்மைப் போல ஊர் மாறி வாழ்பவர்களுக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. சென்னையில் வாங்கிய வண்டியாக இருந்தாலும், நாம் இப்போது வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அங்கே பேசுவது ஜாப் கார்டுகள்தாம். ஒவ்வொரு முறையும் ஒரு பிரதி வாங்கி, தேதியும் கிலோமீட்டரும் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியின் முன்னறையில் மட்டும் வைக்காதீர்கள்; வண்டி ஒர்க்‌ஷாப்புக்குள் போகும்போது அவையும் கூடவே போய்விடும். வீட்டு பீரோவில் வையுங்கள்.