ஐ ஆம் வாக்கிங் டு த டோர்!

காஞ்சிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பையன் ஒருவனை மனசுக்குள் கொண்டுவாருங்கள். தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஏனாத்தூர் போய் பி.காம். முடித்துவிட்டான். டெபிட், கிரெடிட், டிப்ரிஸியேஷன் எல்லாம் தண்ணி பட்ட பாடு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. எதிரே டை கட்டிய ஆசாமி சிரித்த முகத்தோடு, "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்கிறார்.

அவ்வளவுதான். பையனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

ஒன்றாம் வகுப்பிலிருந்து பதினைந்து வருஷம் ஆங்கிலம் படித்தவன் சார் இவன்! ஆக்டிவ் வாய்ஸைக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு பாஸிவ் வாய்ஸாக மாற்றித் தருவான். ராமன் ராவணனைக் கொன்றான். ராவணன் ராமனால் கொல்லப்பட்டான். சரி, இவனுடைய வேலை யாரால் கொல்லப்பட்டது?

நம் ஊரில் ஆங்கிலம் என்றால் ரென் அண்ட் மார்ட்டின். தலைமுறை தலைமுறையாக அந்தக் கிராமர் புத்தகத்தை உருப்போட்டிருக்கிறோம். (இந்த ரென், பாலைவனத்தில் பிரெஞ்சு அந்நியப் படை சண்டை போடும் 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை எழுதியவர். அந்த சுவாரஸ்யத்தில் கொஞ்சம் கிராமரிலும் தூவியிருக்கலாம்!) விதி தெரிந்தால் பேச்சு தானாக வந்துவிடும் என்று நம்பினோம். வரவில்லை.

அப்புறம், 1960-ஐ ஒட்டிய வருஷங்களில் மெட்ராஸ் ராஜ்யத்தில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. ஆங்கிலம் ஆரம்பித்து வைக்கிற வாத்தியார்கள் 27,000 பேருக்குப் புது முறையில் பயிற்சி. முதலில் கொஞ்சம் பேருக்குக் கற்றுத் தருவது, அவர்கள் இன்னும் கொஞ்சம் பேருக்கு, அவர்கள் இன்னும் பலருக்கு... உருள உருளப் பெருக்கும் பனிப்பந்து மாதிரி. 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்றே அதற்குப் பெயர். மெட்ராஸ் வெயிலில் பனிப்பந்து! பெயர் வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

அந்த முறையில் இலக்கண விதியை மனப்பாடம் செய்ய வேண்டாம். வாக்கிய அச்சுகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக வேண்டும். பையன் எழுந்து கதவை நோக்கி நடப்பான். நடந்துகொண்டே, "ஐ ஆம் வாக்கிங் டு த டோர்" என்பான். வகுப்பே கோரஸாக, "ஹி இஸ் வாக்கிங் டு த டோர்" என்று கத்தும். வாக்கியம் சுத்தம். ஆனால் உலகத்தில் எவன் சார் கதவுக்கு நடக்கும்போது அதை அறிவித்துக்கொண்டே நடக்கிறான்? அவன் நடப்பது கண் எதிரே தெரிகிறதே! புதுசாக ஒன்றும் சொல்லாத வாக்கியம், மணி அடித்ததும் வகுப்பிலேயே தங்கிவிட்டது.

இந்த விஷயத்தில் கை வைத்தவர் மெட்ராஸ் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு. 1979-ல் ஆரம்பித்து 1984 வரை பெங்களூரிலும் மெட்ராஸிலும் சில சாதாரண பள்ளிக்கூடங்களில் ஒரு பரிசோதனை செய்தார். பெங்களூர் புராஜெக்ட் என்று உலகம் முழுக்கப் பிரபலம். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

அவர் வகுப்பில் கிராமர் பாடம் இல்லை. கோரஸ் இல்லை. கணக்கு மாதிரி ஒரு புதிர் இருக்கும். ரயில் அட்டவணை, வரைபடம், இந்த மாதிரி. உதாரணத்துக்கு பிருந்தாவன் எக்ஸ்பிரஸையே வைத்துக்கொள்ளுங்கள். காட்பாடிக்கு எப்போது வருகிறது, ஜோலார்பேட்டைக்குப் போக எவ்வளவு நேரம், மத்தியானம் வேலை இருக்கிறவன் இந்த வண்டியில் ஏறலாமா? முதலில் டீச்சர் எல்லோரோடும் சேர்ந்து ஒரு புதிரை ஆங்கிலத்தில் பேசித் தீர்ப்பார். அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளைகள் தனித்தனியாகப் போடுவார்கள். பிள்ளை அரைகுறையாக, ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாலும் டீச்சர் வாங்கிக்கொள்வார். அதையே சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு மேலே போவார். தலையில் குட்டு கிடையாது. வகுப்பில் பாதிப் பேர் பாதியாவது சரியாகச் செய்தால் அந்தப் புதிர் பாஸ்!

பிரபுவின் வாதம் இதுதான்: மனசு விஷயத்தில் இருக்கும்போது மொழி தன்னால் உள்ளே இறங்கும். மொழியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் இறங்காது.

பி.காம். படித்தவர்கள் யோசித்துப் பாருங்கள். 'டெபிட் த ரிசீவர், கிரெடிட் த கிவர்' நமக்கு எப்போது மறந்தது? அதை யாரும் ஆங்கிலப் பாடமாக நடத்தவில்லை. ஜர்னல் என்ட்ரி போட்டுப் போட்டு ஒட்டிக்கொண்டது. காஞ்சிபுரம் காந்தி ரோடு பட்டுக் கடைகளுக்குப் போனால் இன்னும் நன்றாகப் புரியும். கோர்வைச் சேலை ஏன் விலை அதிகம் என்று வெள்ளைக்கார அம்மாவுக்கு விளக்க வேண்டும். கரை வேறு, உடல் வேறு, மூன்று நாடா, தறியில் துணைக்கு இன்னொரு ஆள்... சேல்ஸ்மேன் சொல்வார்: "மேடம், பார்டர் செப்பரேட், பாடி செப்பரேட். ஜாயினிங் ஹியர். டூ பர்சன் வீவிங்." ரென் துரை கேட்டால் மயக்கம் போட்டிருப்பார். ஆனால் அம்மாவுக்குப் புரியும், சேலை விற்கும். பத்து வருஷம் கழித்து அதே சேல்ஸ்மேன் முழு வாக்கியமாகவே பேசுவார்.

பிரபுவின் முறை ஜெயித்ததா? எடின்பரோவிலிருந்து பெரெட்டா, டேவிஸ் என்று இரண்டு நிபுணர்கள் சோதித்து 1985-ல் முடிவை வெளியிட்டார்கள். இலக்கண அமைப்புப் பரீட்சையில் பழைய முறைப் பிள்ளைகள் முந்தினார்கள். மொழியைப் பயன்படுத்த வேண்டிய பரீட்சைகளில் பிரபுவின் பிள்ளைகள். ஆக, எந்தப் பரீட்சை வைக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. நம் பரீட்சை எது என்று உங்களுக்கே தெரியும். போதாக்குறைக்கு, சாதாரண வாத்தியார் பலருக்கு இந்த முறை சுலபமாகக் கைவரவில்லை. புத்தகத்தைத் தாண்டி நாற்பது நிமிஷம் ஆங்கிலத்தில் பேச அவருக்கே தைரியம் வேண்டாமா? வாத்தியாரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரும் கதவுக்கு நடந்து வளர்ந்தவர்தான்.

பிரபு 1987-ல் ஆக்ஸ்ஃபோர்டு மூலம் புத்தகம் போட்டார். அப்புறம் சிங்கப்பூரில் புரொபஸர். இன்றைக்கு வெளிநாடுகளில் 'டாஸ்க்' முறை என்று பெரிய சரக்காகப் பேசுகிறார்களே, அதன் வேர் நம் ஊர் பெஞ்சுகளில் இருக்கிறது. 1990-ல் அவரே, எல்லோருக்கும் சிறந்த முறை என்று ஒன்று கிடையாது என்றும் எழுதினார். முப்பதே நாளில் சரளம் என்று நோட்டீஸ் ஒட்டுகிறவர்கள் சொல்லவே மாட்டாத சங்கதி!

ஏனாத்தூர்ப் பையனுக்கு வருவோம். டீக்கடையில் நாலு பேர் சேருங்கள். ஆந்திராவிலிருந்து வந்து படிக்கிற நண்பன் ஒருத்தன் இருந்தால் விசேஷம். அவனுக்குத் தமிழ் வராது, உங்களுக்குத் தெலுங்கு வராது, வழியே இல்லை. இனி புதிர்: மாமா பெண் கல்யாணம். பட்ஜெட் ஒரு லட்ச ரூபாய். ஆறு பட்டுப் புடவை எடுக்க வேண்டும். கல்யாணப் பெண்ணுக்கு மட்டும் கோர்வை. அத்தைக்கு எடுத்ததை விடச் சித்திக்கு எடுத்தது ஒரு ரூபாய்கூட அதிகமாக இருக்கக் கூடாது. குறைந்தால் சித்தி பந்திக்கே வர மாட்டாள். எதற்கு எவ்வளவு? ஆங்கிலத்திலேயே பேசித் தீருங்கள். நடுவில் சண்டை வந்தால் அதையும் ஆங்கிலத்திலேயே போடுங்கள். டீக்கடைக்காரர் சிரித்தால், பில்லில் ஒரு டீ குறைத்துக் கொடுங்கள்.