வண்டி சொல்லும் சாட்சி யாருக்கு?

திருவாலங்காட்டை அடுத்த பழையனூரின் பெயரைக் கேட்டதும் எழுபது வேளாளரின் நினைவு எழாத தமிழர் சிலரே. நீலியிடம் அஞ்சிய வணிகனுக்கு, "உன் உயிருக்கு நாங்கள் பிணை" என்று அவர்கள் வாக்களித்தனர். வணிகன் மாண்டான். வாக்குத் தவறியதற்கு ஈடாக எழுபதின்மரும் தீப்பாய்ந்தனர் என்பது வழிவழியாக வரும் வரலாறு. ஒருவன் நம்பி ஒப்படைத்த பொருளுக்கு ஏற்றுக்கொண்டவனே பொறுப்பாளி என்பது அதன் உட்கருத்து. இன்றைய மோட்டார் வண்டியைப் பற்றி எழுதப் புகும் நமக்கு அவ்வரலாறு நினைவுக்கு வருவதற்குக் காரணம் உண்டு.

முன்னாள் வண்டி இரும்பும் எண்ணெயுமாக இருந்தது. இன்றைய வண்டியிலோ பல சிறு கணிப்பொறிகள் அமர்ந்து, ஒரே கம்பித் தொடரின் வழியாகத் தம்முள் ஓயாது பேசிக்கொள்கின்றன. இயந்திரத்தின் சூடு, சக்கரத்தின் வேகம், பிரேக்கின் அழுத்தம் யாவும் அளக்கப்படுகின்றன. பழுது நேர்ந்தால் அதற்குரிய குறியெண் பதிவாகிறது. ஓட்டுபவரின் கால் மாட்டிலுள்ள துளையில் ஒரு கருவியைச் செருகி அதனைப் படிக்கலாம். காற்றுப் பையை இயக்கும் பெட்டி, பல வண்டிகளில், மோதலுக்கு முந்திய சில விநாடிகளின் வேகத்தையும் பிரேக்கையும் காத்து வைக்கிறது. புது வண்டிகள் பலவற்றில் ஸிம் அட்டையும் இருப்பதால், இவ்விவரங்கள் கம்பெனியின் கிடங்குக்குத் தாமாகவே செல்லக் கூடும்.

இதனால் நன்மை இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. புகையைக் கட்டுப்படுத்தவும், விபத்தின் காரணத்தை அறியவும், களவு போன வண்டியைத் தேடவும் இவை உதவுகின்றன. நமது வினா வேறு. வண்டி சொல்லும் சாட்சி யாருடைய காதுக்கு எட்டுகிறது?

திருவாலங்காட்டிலிருந்து திருத்தணிக்கு அடியார்களை ஏற்றிச் செல்லும் வாடகை வண்டியில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்று கொள்வோம். சாலையோரத்து மெக்கானிக்குக் கைத்திறன் இருக்கிறது. ஆனால் சிக்கலான பழுதைப் படிக்கத் தக்க கருவியும் விவரமும் கம்பெனியிடமே இருந்தால் அவர் என் செய்வார்? இது வெறும் கற்பனைக் குறை அன்று. உதிரிப் பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தமைக்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு ஏறத்தாழ ரூ. 2,544 கோடி அபராதம் விதித்தது. அவற்றை வெளியாருக்கும் கிடைக்கச் செய்யும்படி உத்தரவிட்டது. கம்பெனிகள் பல மேல்முறையீட்டுக்குச் சென்றன. 2022இல் மத்திய சர்க்கார் பழுது பார்க்கும் உரிமையை ஆராயக் குழு அமைத்தபோது மோட்டார் வண்டியும் அதன் வரம்புக்குள் வந்தது.

மெக்கானிக்குக் கிடைக்காத விவரம் வியாபாரிக்குக் கிடைப்பது விந்தையிலும் விந்தை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, வண்டி நின்ற இடத்தைச் சில வேளை 3 விநாடிக்கு ஒரு முறை திரட்டியது என்றும், ஓட்டும் பழக்கங்களைத் தக்க சம்மதமின்றி விற்றது என்றும் அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் குற்றஞ்சாட்டியது. அவ்விவரங்கள் இன்ஷூரன்ஸ் கட்டணத்தை உயர்த்தவும் உதவின என்பது பெருங்குறை. நமது நாடும் இக்குற்றத்துக்குப் புறம்பன்று. வண்டிப் பதிவு, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் விவரங்களைத் தனியார் கம்பெனிகள் 87க்கு அளித்து ரூ. 65 கோடி பெற்றதாக மத்திய சர்க்காரே 2019 ஜூலையில் பாராளுமன்றத்தில் தெரிவித்தது. 2020இல் அக்கொள்கை கைவிடப்பட்டது.

"இவை இயந்திரத்தின் விவரங்கள்தாமே" என்பாருக்கு ஒரு சொல். வண்டி எந்த ஆஸ்பத்திரியின் முன் நின்றது, எந்தக் கூட்டத்துக்குச் சென்றது என்பது இயந்திரத்தின் விவரமா, மனிதனின் விவரமா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017இல் தீர்ப்பளித்தனர். தனிமனித விவரங்களைக் காக்கும் சட்டம் 2023இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியமான கடமைகளுக்கோ மேலும் 18 மாதத் தவணை அளிக்கப்பட்டது. காப்பு இவ்வளவு மெல்ல நடக்க, வண்டிகளோ விரைந்து ஓடுகின்றன.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. வண்டி எதைத் திரட்டுகிறது என்பதை விற்கும்போதே தமிழில் எழுதித் தர வேண்டும். உரிமையாளர் விரும்பினால், தம் வண்டியின் பழுது விவரத்தைத் தாம் தேர்ந்த எந்த மெக்கானிக்குக்கும் காட்ட வழி வேண்டும். அவர் சம்மதமின்றிப் பிறருக்கு விற்பது தண்டனைக்குரியதாக வேண்டும். வண்டியை விற்போரும் தம் கடமையை மறத்தலாகாது. கைப்பேசியிலிருந்து வண்டிக்குச் சென்ற பெயர்ப் பட்டியலையும் சென்ற வழிகளையும் அழித்த பின்னரே சாவியைக் கைமாற்றுதல் நன்று.

ராஜேந்திர சோழன் பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்கு அளித்தபோது, கொடுத்தது எது, எல்லை எது, பெற்றவர் எவர் என்பதைச் செப்பேட்டில் பொறித்தான். அத்தெளிவு இன்றைய ஒப்பந்தங்களில் இல்லை. வாக்குக்கு உயிரையே ஈந்த அவ்வூராரைப்போல் கம்பெனிகள் தீப்பாய வேண்டுவதில்லை. கொடுத்த வாக்குக்குச் சட்டத்தின் முன் பொறுப்பேற்றால் போதும்.